டிராயரில் தூங்கும் பில் புக்குகள்... அச்சுச் செலவைக் குறைக்கும் டெம்ப்ளேட்!

மளிகைக் கடை, லேத் பட்டறை, வீட்டிலேயே நடக்கும் தையல் யூனிட்... எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு டிராயர் இருக்கும். இழுத்துப் பாருங்கள். பாதி எழுதி நிறுத்திய பில் புக், இப்போது இல்லாத லேண்ட்லைன் நம்பர் போட்ட லெட்டர்ஹெட், காலி செய்துவிட்டு வந்த தெருவின் முகவரியுடன் ஒரு டப்பா விசிட்டிங் கார்டு. இன்னும் அடியில் கைவிட்டால், 'டின் நம்பர்' அச்சடித்த பில் புக்குகூடக் கிடைக்கலாம். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்த அன்று செல்லாமல் போனவை அவை.

அதேபோல இன்னொரு தேதி, 2025 செப்டம்பர் 22. அன்றுதான் ஜிஎஸ்டி-யில் 12%, 28% என்ற இரண்டு அடுக்குகளும் பெரும்பாலான பொருள்களுக்கு எடுக்கப்பட்டு, 5%, 18% என்று சுருக்கப்பட்டன. ரெடிமேட் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு பீஸ் 1,000 ரூபாயைத் தாண்டினால் 12%. புதிய கணக்கில் 2,500 ரூபாய் வரை 5%. அதைத் தாண்டினால் 18%. வரி குறைந்ததில் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம்தான். ஆனால், 'சிஜிஎஸ்டி 6%, எஸ்ஜிஎஸ்டி 6%' என்று கட்டம் கட்டி பில் புக் அடித்து வைத்திருந்தவர் என்ன செய்வார்? பேனாவால் அடித்து அடித்து எழுதினால் பில்லைப் பார்ப்பவருக்கு நம்பிக்கை வராது. புதிதாக அடித்தால் மறுபடி காசு.

அச்சுச் செலவு என்றதும் மை, காகிதம், பிரின்டர் என்றுதான் நம் மனம் போகிறது. அவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. கண்ணுக்குத் தெரியாதது, அடித்து வைத்தது பயன்படாமல் போகும் செலவு. பிரஸ்ஸில் 100 பிரதி கேட்டாலும் 1,000 பிரதி கேட்டாலும் பிளேட் போடுவதும் மெஷினைச் செட் செய்வதும் ஏறக்குறைய ஒரே வேலை. அதனால் 1,000 அடித்தால் ஒன்றின் விலை மலிவு. 'சேர்த்தே அடிச்சிடுங்க' என்கிறோம். அதில் 400 மட்டுமே செலவாகி, மிச்சம் டிராயருக்குப் போனால் அந்த மலிவுக்கு அர்த்தமே இல்லை.

இங்கேதான் டெம்ப்ளேட் உதவுகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். துளை போட்ட தகரக் கோல அச்சு பார்த்திருப்பீர்கள். வடிவம் தகரத்தில் இருக்கிறது. மாவு மட்டும் தினமும் புதிது. அதே வேலைதான். கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், கட்டங்கள், வங்கி விவரம் எல்லாம் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு ஃபைலாக இருக்கும். தேதி, வாங்குபவர் பெயர், சரக்கு, தொகை மட்டும் ஒவ்வொரு முறையும் நிரப்புவோம். வரி மாறினால் ஃபைலில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். தூக்கிப்போட எந்தக் காகிதமும் இல்லை.

ஃபைல் யாரிடம் இருக்கிறது?

நிறையப் பேர் டெம்ப்ளேட்டை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால், அது அவர்களிடம் இல்லை, தெருமுனை டிடிபி சென்டரில் இருக்கிறது. 'அண்ணே, போன மாசம் அடிச்ச கொட்டேஷன்ல பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக் குடுங்க' என்று போய் நிற்பதும், அதற்கு டைப்பிங் சார்ஜும் பிரின்ட் சார்ஜும் கொடுப்பதும் மாதம் நாலு தடவை நடக்கும். மாறியது இரண்டே வரி.

அடுத்த முறை போகும்போது அந்த ஃபைலை உங்கள் இமெயிலுக்கோ பென் டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். டிசைனுக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் ஒரு தடவை கொடுத்து வாங்குவது லாபம்தான்.

வாங்கிய ஃபைலை போனில் திறந்ததும் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருப்பார்கள். அந்த ஃபான்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது தமிழ். யூனிகோடுக்கு மாற்றிக் கேளுங்கள். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. இனி புதிதாக எதை அடித்தாலும் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பிரின்ட் போட வேறு கடைக்கு அனுப்பும்போது வேர்டு ஃபைலாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்தும் கட்டமும் நகராது. 'அங்க எடுத்தா வேற மாதிரி வருதுங்க' என்று இரண்டு மூன்று பக்கம் வீணாவது இதனால் நின்றுவிடும்.

மாறுவது எது, மாறாதது எது?

டெம்ப்ளேட் செய்ய உட்காரும் முன் பழைய பில் ஒன்றை எடுத்து மாறாததை எல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். விற்பவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மாறாது. பில் எண், தேதி, வாங்குபவர் விவரம், சரக்கின் பெயர், எச்எஸ்என் எண், அளவு, விலை, தள்ளுபடி, வரி விகிதம், வரித்தொகை எல்லாம் மாறும். ஜிஎஸ்டி விதி 46 இவற்றைத்தான் இன்வாய்ஸில் கேட்கிறது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்கள், இன்னொரு பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்கும்போது எச்எஸ்என் எண்ணில் 4 இலக்கம் போட வேண்டும். அதைத் தாண்டியவர்கள் 6 இலக்கம். நீங்கள் விற்பது பத்துப் பதினைந்து பொருள்தான் என்றால், பொருள் பெயர், எச்எஸ்என், வரி விகிதம் மூன்றையும் எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் பொருளைத் தேர்ந்தெடுத்ததும் மற்றது தானாக வந்து உட்காரும்படி ஒரு ஃபார்முலா போட்டுவிடலாம். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. செப்டம்பர் 22 போன்ற ஒரு நாள் மறுபடி வந்தால் அந்தப் பட்டியலில் சில எண்களை மாற்றினால் முடிந்தது.

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்வாய்ஸ் கிடையாது, 'பில் ஆஃப் சப்ளை'தான். அதன் தலையில், தாங்கள் காம்போசிஷன் வரி செலுத்துபவர், வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். கையால் எழுதும்போது மறந்துவிடும். டெம்ப்ளேட்டில் ஒரு தடவை போட்டுவிட்டால் மறக்க வழியில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தாய் ஃபைலைத் திறந்து அதிலேயே பில் போடக் கூடாது. இன்று போட்டதன் மேலேயே நாளையும் எழுதினால் நேற்றைய பில் காணாமல் போகும். வேர்டில் 'டெம்ப்ளேட்' வகையாகவே சேமித்தால், திறக்கும்போதெல்லாம் புதிய நகல் வரும், தாய் ஃபைல் அப்படியே இருக்கும். கூகுள் டாக்ஸில் 'மேக் எ காப்பி' கொடுத்துவிட்டு எழுதுங்கள். எக்செல்லில் ஃபார்முலா இருக்கும் கட்டங்களைப் பூட்டி வைக்கலாம். கடைப் பையன் அவசரத்தில் வரி கட்டத்தில் கை வைத்து, தப்பான பில் பிரின்ட் ஆகி, கிழித்துப் போட்டு, மறுபடி பிரின்ட் எடுப்பதும் அச்சுச் செலவுதானே?

ஒரு சின்னக் கணக்கு

ஒரு ஹோல்சேல் கடை. நாளைக்கு 20 பில், மாதம் 25 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். பொருள் விற்கும்போது இன்வாய்ஸ் மூன்று பிரதி: வாங்குபவருக்கு ஒரிஜினல், சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு டூப்ளிகேட், நமக்கு ட்ரிப்ளிகேட். சேவைக்கு என்றால் இரண்டு போதும். மூன்றையும் தனித்தனி ஏ4 தாளில் எடுத்தால் நாளைக்கு 60 தாள், மாதம் 1,500. அதாவது, 500 தாள் உள்ள பண்டல் மூன்று.

அந்த பில்லை எடுத்துப் பாருங்கள். மேலே கடைப் பெயர், நடுவே நாலு வரி சரக்கு, அடியில் கையெழுத்து. முக்கால்வாசி வெள்ளை. ஏ4 தாளை நடுவில் மடித்தால் வருவது ஏ5. நாலைந்து வரி பில்லுக்கு அதுவே தாராளம். டெம்ப்ளேட்டை ஏ5 அளவில் செய்து, ஒரே ஏ4 தாளின் மேல் பாதியில் ஒரிஜினல், கீழ்ப் பாதியில் டூப்ளிகேட் வரும்படி வைத்து, நடுவில் வெட்டிக்கொள்ளலாம். நமக்கான பிரதியை பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளலாம். கணக்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்க ஜிஎஸ்டி விதிகள் அனுமதிக்கின்றன, முறையான பேக்கப் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இப்போது நாளைக்கு 20 தாள். மாதம் ஒரே ஒரு பண்டல்.

காகிதம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. மையும் அப்படியே குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாள்தான் 20, அச்சாகும் பில் 40. முன்பு 60 அச்சானது. ஆக மை மூன்றில் இரண்டு பங்காகத்தான் குறையும். தாள் ஒன்று 50 பைசா, ஒரு பில்லுக்கு மை 1 ரூபாய் என்று உத்தேசமாக எடுத்தால், முன்பு மாதம் 2,250 ரூபாய், இப்போது 1,250. ஆண்டுக்கு 12,000 ரூபாய் மிச்சம். உங்கள் கடையின் பில் எண்ணிக்கையையும் உங்கள் ஊர் விலையையும் போட்டுப் பாருங்கள். நாளைக்கு மூன்று பில் போடுபவருக்கு இதில் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு லாபம், வீணாகும் பில் புக் இல்லை என்பதில்தான்.

தாளின் தடிமனிலும் கொஞ்சம் விளையாடலாம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை சரியாக 5 கிராம். 70 ஜிஎஸ்எம் என்றால் 4.4 கிராம்கூட இல்லை. உள் உபயோகத்துக்கும் டெலிவரி சலானுக்கும் 70 போதும். ஆனால் இருபக்கமும் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் 80 வாங்குங்கள். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து தெரியும். சில பிரின்டர்களில் சிக்கிக்கொள்ளவும் செய்யும்.

தலையில் இருக்கும் நீலப் பட்டை

இணையத்தில் கிடைக்கும் இலவச டெம்ப்ளேட்டுகள் பார்க்க அழகு. மேலே அடர் நீலத்தில் ஒரு பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் கடைப் பெயர். திரையில் அதற்கு ஒரு பைசா செலவில்லை. பிரின்டரில்தான் சேதி தெரியும்.

டோனர் கார்ட்ரிட்ஜ் டப்பாவில் 'இத்தனை பக்கம் வரும்' என்று போட்டிருப்பார்கள். அது பக்கத்தின் ஏறக்குறைய 5% பரப்பில் மட்டும் மை விழுகிற, சாதாரணக் கடிதம் போன்ற பக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர். அதில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓரம் முதல் ஓரம் வரை பட்டை அடித்தால், அது மட்டுமே பக்கத்தில் 10%. எழுத்துகளின் 5%-ஐயும் சேர்த்தால் 15. டப்பாவில் 1,500 பக்கம் என்று போட்டிருந்தால் 500-ஐ ஒட்டித்தான் வரும். 'டூப்ளிகேட் டோனர் கொடுத்துட்டான்' என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் உங்கள் டெம்ப்ளேட்டின் தலையைப் பார்ப்பது நல்லது.

பட்டைக்குப் பதில் ஒரு மெல்லிய கோடு போதும். கடைப் பெயர் தடித்த எழுத்தில் கறுப்பாக இருக்கட்டும். லோகோவை ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்குங்கள். கட்டங்களுக்குப் பின்னால் சாம்பல் நிறம் நிரப்பியிருந்தால் எடுத்துவிடுங்கள். முழுப் பக்கத்துக்கும் வாட்டர்மார்க் போடும் ஆசை சிலருக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கு அது அழகு, பில்லுக்குத் தேவையில்லை.

ஃபான்ட்டை மாற்றினால் மை மிச்சமாகும் என்ற யோசனை 2014-ல் உலகம் முழுக்கச் செய்தியானது. அமெரிக்காவில் 14 வயது மாணவர் ஒருவர், அரசு அலுவலகங்கள் 'காரமண்ட்' என்ற ஃபான்ட்டுக்கு மாறினால் கோடிக்கணக்கில் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு எழுத்துரு நிபுணர்கள் ஒரு குறையைச் சொன்னார்கள்: ஒரே பாயின்ட் அளவில் காரமண்ட் எழுத்துகள் மற்றவற்றைவிடச் சிறியவை, மிச்சத்துக்குக் காரணம் அந்தச் சிறிய அளவுதான் என்று. ஆகவே ஃபான்ட் தேடி அலைய வேண்டாம். இருக்கும் ஃபான்ட்டிலேயே 12 பாயின்ட்டை 10 ஆக்குங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள், தமிழில் 'ணை'யும் 'னை'யும் குழம்பிவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் பெரியவர்களும் நம் வாடிக்கையாளர்கள்தானே!

எக்செல்லில் பில் போடுபவர்களுக்குத் தெரிந்த ஒரு தொல்லை உண்டு. பிரின்ட் கொடுத்தால் கடைசி 'தொகை' காலம் மட்டும் தனியாக அடுத்த தாளில் போய் விழும். அந்தத் தாள் குப்பை, முதல் தாளும் குப்பை. பேஜ் லேஅவுட்டில் அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்கும் வசதி இருக்கிறது, 'ஃபிட்' என்று தேடுங்கள். பிரின்ட் ஏரியாவையும் குறித்து, அந்த அமைப்போடு டெம்ப்ளேட்டைச் சேமித்துவிட்டால் பிறகு யார் பிரின்ட் கொடுத்தாலும் ஒரே தாளில் வரும்.

அச்சடிக்காமலே முடியுமா?

கொட்டேஷன், விலைப்பட்டியல், பாக்கி நினைவூட்டல், ஆர்டர் உறுதி... இவற்றில் பெரும்பாலானவற்றை இன்று வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆகவே கேட்கிறார்கள். விலைப்பட்டியலை வண்ணத்தில் அச்சடித்து வைப்பதைப் போல வீண்செலவு வேறில்லை. பஞ்சு விலையோ எண்ணெய் விலையோ அசைந்தால் அது பழசு.

'கையெழுத்தும் சீலும் இல்லாம எப்படிங்க?' என்ற கேள்வி வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மின்னணு இன்வாய்ஸாகக் கொடுக்கும்போது கையெழுத்து தேவையில்லை என்று விதி 46-லேயே விலக்கு இருக்கிறது. உங்கள் முறை அதற்குள் வருகிறதா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துக்காகப் பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, காகிதத்தைக் கசக்கிப் போடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரு ஜாக்கிரதை. வேர்டு, எக்செல் ஃபைலை அப்படியே வெளியே அனுப்பாதீர்கள். அதில் உங்கள் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. இடையில் யாராவது எண்ணை மாற்றி 'புது அக்கவுன்ட்டுக்குப் போடுங்க' என்று அதே பில்லை அனுப்பினால் பணம் போய்விடும். பிடிஎஃப் அதைக் கொஞ்சம் கடினமாக்கும், முழுதாகத் தடுக்காது. கணக்கு எண் மாறினால் போனில் பேசித்தான் சொல்வோம் என்று வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிரஸ்ஸே வேண்டாமா என்றால், வேண்டும். மாறாத பொருள், நிறைய எண்ணிக்கை என்றால் பிரஸ்தான் மலிவு. கடைப் பெயர் போட்ட பை, லேபிள், உறை, ஸ்டிக்கர் எல்லாம் அங்கேதான் அடிக்க வேண்டும். வீட்டு இங்க்ஜெட்டில் 1,000 வண்ண லெட்டர்ஹெட் அடிப்பது கைக்காசைக் கரைக்கும் வேலை. கரன்ட் போனாலும் நெட் போனாலும் வியாபாரம் நடக்க ஒரே ஒரு கார்பன் பில் புக்கும் இருக்கட்டும். அதில் வரி விகிதக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அடிக்கச் சொல்லுங்கள். கடைப் பெயர், முகவரி, போன் நம்பருக்கு ரப்பர் ஸ்டாம்ப் போதும். முகவரி மாறினால் மாற்ற வேண்டியது ஸ்டாம்ப் ஒன்றைத்தான்.

தெர்மல் பில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மையே கிடையாது, சூட்டில் எழுத்து வருகிறது. ஆனால், அதே சூட்டில் எழுத்து மங்கியும் போகும். ஜிஎஸ்டி ஆவணங்களை அந்தந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம், அதாவது 6 வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆகவே தெர்மல் சுருளைக் கட்டி வைத்துப் பயனில்லை. மெஷினில் உள்ள கணக்கை மாதாமாதம் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடுங்கள். நீங்கள் வாங்கும் சரக்குக்கு வரும் தெர்மல் பில்லையும் வந்த அன்றே போனில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

டிராயரில் இருக்கும் பழைய பில் புக்குகளின் பின்பக்கம் வெள்ளைதான். ஆர்டர் குறிக்க, கணக்குப் போட வைத்துக்கொள்ளலாம். பழைய பேப்பர் கடைக்கு மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள காலி பில் வேறொருவர் கைக்குப் போனால், அதில் யார் எதை எழுதுவார்கள் என்று சொல்ல முடியாது. கட்டாகப் பிடித்துத் தலைப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

ஃபைல்களை ஆண்டு வாரியாக, மாத வாரியாக ஃபோல்டர் போட்டு வையுங்கள். ஃபைல் பெயரில் பில் எண் முதலில் வரட்டும், தேடச் சுலபம். பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் இரண்டாம் முறை வரக் கூடாது. மார்ச் 31 இரவு அந்த ஆண்டின் ஃபோல்டரை கூகுள் டிரைவில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என நகல் எடுங்கள். ஏப்ரல் 1 காலையில் டெம்ப்ளேட்டைத் திறந்து ஆண்டை மாற்றி, எண்ணை 1 என்று போட்டு, முதல் பில்லை ஆரம்பித்துவிடலாம்.